அன்னதான ஓட்டம்: பதக்கம் வேண்டுமா, வேண்டாமா?

சாட்ஸ்வொர்த் ஓட்டக்காரன்
இங்கே தென்னாப்பிரிக்காவில் இந்த 2020 கொரோனா ஊரடங்கில் வேலை போன குடும்பங்களுக்கு மளிகைப் பொட்டலம் கொடுக்க, ஜூலையில் 10 கிமீ மெய்நிகர் ஓட்டம் வைக்கலாம் என்று நம் சங்கத்தில் பேச்சு. அவரவர் வீட்டுப் பக்கத்திலேயே ஓடி, தூரமும் நேரமும் காட்டும் கைபேசிப் பதிவை அனுப்ப வேண்டும். தலைக்கு 150 ரேண்ட், முடித்தவர்களுக்குப் பதக்கம். இந்த வருஷம் காம்ரேட்ஸ் (டர்பனுக்கும் மரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே நடக்கும் நெடுந்தூர ஓட்டம்) ரத்தானதும், அதே ஜூன் 14-இல் 5 கிமீ முதல் 90 கிமீ வரை அவரவர் இடத்திலேயே ஓடினார்களே, அந்த மாதிரி. உங்கள் கருத்து?

கணக்குப்பிள்ளை
தம்பி, நோக்கம் நல்லது. ஆனால் இந்த வடிவத்தை எதிர்க்கிறேன். 150 ரேண்டில் பதக்கத்துக்கு 45, வீட்டுக்கு அனுப்பும் கூரியருக்கு 60 என்று வையுங்கள். பொட்டலத்துக்கு மிஞ்சுவது 45. அதற்கு ஒரு போத்தல் எண்ணெயும் கொஞ்சம் பருப்பும் வாங்கலாம், அவ்வளவுதான். நேரே 150 கொடுத்தால் முழுதும் அடுப்புக்குப் போகும்.

வரிக்கணக்கும் இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் நன்கொடைக்கு வரிக் கழிவு உண்டு, வரிக்குரிய வருமானத்தில் 10% வரை. ஆனால் பதிலுக்குப் பதக்கமோ சட்டையோ வாங்கிக்கொண்டு கட்டிய பணம் நன்கொடையே ஆகாது. பொதுநல அமைப்பு என்று பதிந்திருப்பது வேறு, 18ஏ அனுமதி வேறு. கோயில் பூஜைக்கு அந்த அனுமதி கிடைக்காது. ஏழைகளுக்கு உணவு கொடுக்கும் பணிக்குக் கிடைக்கும். சங்கத்திடம் எது இருக்கிறது என்று பார்க்காமல் ரசீது தருவதாக அறிவிக்காதீர்கள்.

டோங்காட் அக்கா
கணக்கு சரி அண்ணா, ஆனால் மனுஷர் சுபாவத்தை விட்டுவிட்டீர்கள். "150 கொடுங்கள்" என்று சுற்றறிக்கை விட்டால் எப்போதும் கொடுக்கிற வீடுகள்தான் கொடுக்கும். ஒரு பிள்ளை "நான் 10 கிமீ ஓடுகிறேன், எனக்காகக் கொடுங்கள்" என்று மாமா, சித்தி, வேலையிடத்து நண்பர்களைக் கேட்டால் பத்துப் பேர் சேருவார்கள். ஓட்டத்தின் பலமே அதுதான். பதக்கத்தை எடுத்துவிடுங்கள், ஓட்டத்தை எடுக்காதீர்கள். நுழைவு இலவசம், ஆதரவாளர் தருவது முழுதும் நன்கொடை.

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்கு வாங்கினால் ஓடி முடிந்தபின் வசூலிக்க அலைய வேண்டும். மொத்தத் தொகையாக, ஓடும் முன்பே சங்கக் கணக்கில் போடச் சொல்லுங்கள்.

மரிட்ஸ்பர்க் கடிகாரம்
பணத்தை நீங்கள் பேசுங்கள். என் எதிர்ப்பு பதிவை நம்புவதில்தான். திறந்த வானத்திலும் ஜிபிஎஸ் புள்ளி 3 முதல் 5 மீட்டர் வரை தள்ளி விழும். 20 மீட்டர் முற்றத்தில் போய்வந்தால் திருப்பங்களை அது வெட்டிவிடும். நின்று தண்ணீர் குடித்தால் புள்ளி அலைந்து தூரத்தைக் கூட்டும். முற்றத்தில் ஓடுபவர் டேப் வைத்து அளந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதை ஒவ்வொன்றாக எண்ணட்டும்: 20 மீட்டர் என்றால் 500 தடவை. அளவில் அரை மீட்டர் பிசகினால் 10 கிமீயில் 250 மீட்டர் போய்விடும். ஒரே பக்கம் 500 தடவை திரும்பினால் முழங்கால் வலிக்கும். இடம் இருந்தால் எட்டு போட்டு ஓடுங்கள், திருப்பம் இரண்டு பக்கமும் விழும்.

தெருவில் அடிக்கடி நடக்கும் கோளாறு: திரை அணைந்ததும் கைபேசியின் பேட்டரி சேமிப்பு வசதி, ஓட்டத்தைப் பதியும் செயலியை நிறுத்திவிடும். வரைபடத்தில் வீடுகளுக்கு நடுவே நேர்க்கோடு விழுந்தால் இதுதான் காரணம். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். கிளம்புமுன் ஓரிரு நிமிஷம் வெளியே நின்று செயற்கைக்கோள் பிடிபட விடுங்கள். நாம் நின்றதும் பதிவு தானாக நிற்கும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாலை சிக்னலில் நின்ற நேரம் கணக்கில் வராது.

இத்தனையும் செய்தாலும் சாட்ஸ்வொர்த் மேட்டில் ஓடியவரையும் டர்பன் கடற்கரையில் ஓடியவரையும், 1,750 மீட்டர் உயரத்து ஜோஹன்னஸ்பர்க்காரரையும் எப்படி ஒப்பிடுவது? முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டவே வேண்டாம்.

சாட்ஸ்வொர்த் ஓட்டக்காரன்
பரிசு வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். பதக்கத்தை விட மனமில்லை. முதல் தடவை ஓடும் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம்.

கணக்குப்பிள்ளை
அப்படியானால் பதக்கத்தைத் தனியாக விற்பனைக்கு வையுங்கள், அடக்க விலையும் கூரியரும் சேர்த்து. வேண்டியவர் வாங்கட்டும். நன்கொடைக் கணக்கோடு ஒரு ரேண்ட்கூடக் கலக்கக் கூடாது. ஓட்டம் வேண்டாம் என்ற என் பேச்சை அக்கா சொன்னதற்காக மாற்றிக்கொள்கிறேன், பதக்கத்தில் மாறமாட்டேன்.

டோங்காட் அக்கா
நாள் பற்றி ஒன்று. ஒரே காலையில் வைத்தால் கேட்காமலே நாலு பேர் ஒரு முனையில் கூடிவிடுவார்கள். கூட்டமாக ஓட இந்த 2020 ஊரடங்கில் அனுமதி இல்லை. ஒரு வாரம் கொடுங்கள், அவரவர் வசதிப்படி ஓடட்டும். காலை 6 மணியிலிருந்து ஓடலாம் என்று ஊரடங்கு விதி சொன்னாலும் ஜூலை ஆரம்பத்தில் டர்பனில் விடியவே 6:50 ஆகிறது. இருட்டில் கிளம்புபவர் ஒளிரும் பட்டை போட்டு, எதிரே வரும் வண்டி தெரிய வலது ஓரமாக ஓட வேண்டும். பெண் பிள்ளைகள் விடிந்தபின் ஓடட்டும்.

ஓடிய வழியைக் காட்டும் வரைபடத்தையும் குழுவில் போட வேண்டாம். கோடு தொடங்குவது வீட்டு வாசலில்; யார் வீடு, எத்தனை மணிக்குத் தனியாகப் போகிறார்கள் என்று அப்படியே தெரியும். தூரமும் நேரமும் மட்டும் தெரியும் படம் போதும்.

மரிட்ஸ்பர்க் கடிகாரம்
அந்தப் படத்தில் தேதியும் தெரிய வேண்டும் அக்கா. இல்லாவிட்டால் போன வருஷ ஓட்டத்தைக்கூட அனுப்பலாம்.