தாய்மாமன் வந்திறங்கிய ஸ்டேஷன்

போன மாதம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில். சான்டா ரோசாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, அந்த ஊரிலேயே எடுத்த ஹிட்ச்காக்கின் 'ஷேடோ ஆஃப் எ டவுட்' (1943) படத்தைப் போட்டேன். நான் வசனத்தைச் சொல்லச் சொல்ல அம்மா பார்த்தார். முடிவையும் சொல்லப்போகிறேன், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

பணக்கார விதவைகளைக் கொன்றவன், போலீசிடமிருந்து தப்பி அக்கா வீட்டுக்கு வருகிறான். அவன் வரும் ரயில் அப்படிக் கரும்புகை கக்கும். வீட்டில் எல்லோருக்கும் பரிசு. அக்கா மகளுக்கு மரகத மோதிரம். மோதிரத்தின் உள்பக்கம் வேறு யாருடைய பெயரெழுத்தோ இருக்கிறது. பிறகு நூலகத்தில் செய்தித்தாளைப் பார்க்கும்போதுதான் அது யாருடையது என்று அவளுக்குப் புரிகிறது.

நான் பலமுறை பார்த்த படம்தான். எப்போதும் அந்தப் பெண்ணையும் மாமனையும்தான் கவனிப்பேன். அம்மா பார்த்தது அக்காவை மட்டும். ஊரைவிட்டுப் போகிறேன் என்று தம்பி சொன்னதும் விருந்தாளிகள் நடுவில் அவள் அழுவாளே, அந்த இடத்தில் "கொஞ்சம் நிறுத்து" என்றார். "கல்யாணமாகி வந்தா நாம யாருங்கிறதே மறந்துபோயிடும். உன் மாமா பொங்கச் சீரோட வாசல்ல வந்து நிக்கிறப்ப நான் மறுபடி எங்க வீட்டுப் பொண்ணாயிடுவேன்" என்றார். அந்தக் காட்சியில் அக்கா சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான். அதை நான் இன்னும் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் போனோம். படத்தில் வரும் நூலகக் கட்டடம் இப்போது இல்லை. வீடு இருக்கிறது, தெருவில் நின்று பார்த்தோம். படப்பிடிப்பு என்றதும் வீட்டுக்காரர் சந்தோஷத்தில் புதுசாகப் பெயின்ட் அடித்துவிட, அதை மறுபடி பழசாக்க வேண்டியதாயிற்றாம், ஹிட்ச்காக்கே சொன்னது.

கல்லால் கட்டிய ஸ்டேஷனும் அப்படியே இருக்கிறது. அங்கேதான் அம்மா கேட்டார்: "அந்தப் பொண்ணு கடைசிவரைக்கும் அம்மாகிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை என்றேன். அவன் எதிரே வந்த ரயிலில் அடிபட்டுச் செத்த பிறகும், ஊரே கூடி நல்லவன் என்று வழியனுப்பும்போதும், சொல்லவில்லை.

அம்மா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மாமாவுக்கு போன் போடச் சொன்னார். ஊரில் அப்போது நடுராத்திரி. "என்னக்கா, என்ன ஆச்சு?" என்று பதறி எடுத்தார் மாமா. "ஒண்ணுமில்லடா, சாப்பிட்டியா?" என்றார் அம்மா.