லாபி கார்டு: ‘முன்றிலட்டை’ என்று ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். லாபி கார்டு என்பது சினிமாக் கொட்டகையின் முன்பகுதியில் மாட்டிய சிறிய விளம்பர அட்டை. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் குழுவில் வந்த மடல்களுக்கு இது என் பதில்.

> லாபி என்றால் வரவேற்பறைதானே? ‘வரவேற்பறை அட்டை’ என்றே வைத்துவிடலாமே.

ஐயா, ஓட்டலுக்கு அது சரி. சினிமாக் கொட்டகையில் யாரும் யாரையும் வரவேற்று உட்கார வைப்பதில்லை. அடுத்த மடலில் வந்த ‘முகப்பு அட்டை’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் புத்தகத்தின் மேலட்டைக்கு அந்தப் பெயர் எப்போதோ போய்விட்டது. ‘முகப்புப் படம்’ என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு ஃபேஸ்புக் பக்கம்தான் நினைவுக்கு வரும். ‘அரங்கட்டை’யைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், கட்டைதான் காதில் விழும்.

சொல் தேடும் முன் பொருளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். என் மேசையில் இப்போது ஓர் அமெரிக்க அட்டை இருக்கிறது. 11 அங்குல உயரம், 14 அங்குல அகலம். சுற்றிலும் வெள்ளை ஓரம், நடுவில் படத்தின் ஒரு காட்சி. நான்கு மூலையிலும் ஊசி குத்திய துளைகள். ஒரு துளையைச் சுற்றித் துரு வட்டமாக இறங்கியிருக்கிறது. கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு: இது நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸின் (கொட்டகைகளுக்கு விளம்பரப் பொருட்களை அனுப்பிய அமெரிக்க நிறுவனம்) உடைமை, இந்தப் படம் ஓடும்போது மட்டும் மாட்ட வேண்டும், முடிந்ததும் உடனே திருப்பித் தர வேண்டும். அதாவது இது விற்பனைக்கு அச்சான பொருளே இல்லை. கொட்டகை கொட்டகையாகச் சுற்றி, கடைசியில் குப்பைக்குப் போக வேண்டியது. யாரோ ஒருவர் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டதால் பிழைத்திருக்கிறது. அந்தத் துளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் அன்பு வருகிறது.

ஒரு படத்துக்குப் பெரும்பாலும் 8 அட்டைகள். ஒன்றில் படத்தின் பெயரும் நடிகர் பெயர்களும் பெரிதாக இருக்கும், மற்ற ஏழும் காட்சிகள். முன்னதைத் ‘தலைப்பட்டை’ என்றும் பின்னவற்றைக் ‘காட்சியட்டை’ என்றும் சொல்லலாம். அதனால்தான் எல்லாவற்றுக்கும் பொதுவாகக் ‘காட்சியட்டை’ என்ற பரிந்துரையை நான் ஏற்கவில்லை. எட்டில் ஒன்று வெளியே நின்றுவிடும்.

‘சுவரொட்டி’ ஏன் நிலைத்தது? சுவரில் ஒட்டுவது என்று இடத்தையும் வேலையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. நமக்கும் இடம் சொல்லும் சொல்தான் வேண்டும். பிரிட்டனில் கொட்டகை வாசலில் வைத்த இந்த வகைப் படங்களுக்கு ‘ஃப்ரண்ட் ஆஃப் ஹவுஸ் ஸ்டில்’ என்று பெயர். வீட்டுக்கு முன்னால் என்று அதைக் கேட்டதும் பள்ளியில் இலக்கணப்போலிக்கு மனப்பாடம் செய்த உதாரணம் நினைவுக்கு வந்தது. இல் முன், முன்றில், அதாவது வீட்டு முற்றம். குறுந்தொகை 46-இல் குருவிகள் வந்து காயவைத்த தானியத்தைத் தின்பது இந்த முன்றிலில்தான். அட்டையைச் சேர்த்தால் முன்றிலட்டை. வாய்க்கு இடறவில்லை, வேறு பொருளோடு மோதவும் இல்லை.

> முன்றில் திறந்தவெளி அல்லவா? லாபி கூரைக்குக் கீழே இருப்பது.

நியாயமான கேள்விதான் அக்கா. ஆனால் நம் ஊர்க் கொட்டகைகளை நினைத்துப் பாருங்கள். டிக்கெட் கவுன்டர் பக்கத்தில், வெயில் எட்டிப் பார்க்கும் வராந்தாவில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஸ்டில்களைக் குத்தி வைத்திருப்பார்கள். படம் பார்க்கக் காசில்லாதவர்களும் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். உள்ளும் இல்லாமல் வெளியும் இல்லாமல் இருக்கும் அந்த இடத்துக்கு முன்றில் பொருந்தும் என்றே நினைக்கிறேன். நம்மூரில் மாட்டியது பெரும்பாலும் அச்சடித்த அட்டை அல்ல, ஒளிப்படப் பிரதி. அதை ‘முன்றில் படம்’ என்று பிரித்துச் சொன்னால் இரண்டும் குழம்பாது.

சினிமாப் பாட்டுப் புத்தகத்துக்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டாம், மக்களே நல்ல பெயர் வைத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட எல்லாம் சேர்ந்த மொத்தச் சேகரிப்புக்கு ‘நினைவுப் பொருட்கள்’ வேண்டாம். அது கல்யாண வீட்டில் கொடுக்கும் பரிசு போல இருக்கிறது. ‘திரை விளம்பரச் சேகரம்’ போதும்.

இன்னொன்று, இதில் நான் காசு இழந்திருக்கிறேன். பழைய படத்தைச் சில ஆண்டுகள் கழித்துத் திரும்ப வெளியிடும்போது அதற்கென்று அச்சிட்ட அட்டையும் பழைய அட்டைதான், விலை மட்டும் குறைவு. அப்படிப்பட்டவற்றில் கீழே இருக்கும் எண்ணுக்கு முன்னால் பெரும்பாலும் ‘ஆர்’ (R) என்ற ஆங்கில எழுத்து இருக்கும். இன்று கணினியில் எடுத்த நகல் வேறு. ஒரு விற்பனையாளர் இரண்டையும் ‘மறுபதிப்பு’ என்றே எழுதியிருந்தார். முதல் வகை என்று நம்பி வாங்கினேன், வந்தது பளபளக்கும் நகல். ஆகவே ‘மறுவெளியீட்டு அட்டை’, ‘நகலட்டை’ என்று இரண்டு சொல்லும் நம் சொற்பட்டியலில் கட்டாயம் வேண்டும்.

சரி, சொற்களைப் புழக்கத்தில் விட்டுப் பார்க்க, மேசையில் இருக்கும் அந்த அட்டைக்குச் சேகரிப்புப் பட்டியலில் எழுதுவது போல ஒரு பதிவு எழுதினேன். இடறும் இடத்தைச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்:

“முன்றிலட்டை, காட்சியட்டை வகை. 8-இல் 3-ஆவது. 11 × 14 அங்குலம். முதல் வெளியீடு. நான்கு மூலையிலும் ஊசித்துளை, வலது மேல்மூலையில் துரு. திருப்பித் தரப்படவில்லை.”