சர்க்கரை குறையும் வரை மனச்சோர்வு மாத்திரையைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி:
என் அம்மாவுக்கு வயது 61; சர்க்கரை நோய் வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. மெட்ஃபார்மினோடு இரு வேளை இன்சுலினும் போட்டுக்கொள்கிறார். மூன்று மாதங்களாக எதிலும் நாட்டமில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்து, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். சர்க்கரை அளவு எழுதும் நோட்டைப் புரட்டினால், இரண்டு வாரத்துக்கு 138, 140, 139 என்று ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருக்கிறது. குளுக்கோமீட்டரிலோ அந்த நாள்களில் ஒரு சோதனைகூடப் பதிவாகவில்லை. மருத்துவர் மனச்சோர்வு என்று கூறி ஃப்ளூவாக்செட்டின் எழுதித் தந்திருக்கிறார். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 9.4 இருக்கும்போது இன்னொரு மாத்திரை எதற்கு, முதலில் சர்க்கரை இறங்கட்டும், மனமும் தானாகத் தெளியும் என்கிறார்கள் உறவினர்கள். காத்திருக்கலாமா?

மறுமொழி 1:
காத்திருக்க வேண்டாம். சோதிப்பதற்கே மனம் வராத ஒருவரிடம் சர்க்கரையை முதலில் கட்டுப்படுத்தச் சொல்வது, கால் உடைந்தவரை நடந்து வந்து கட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்வது போன்றது. நீரிழிவு உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது. ஒன்று மற்றொன்றை மோசமாக்குவதால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை தர வேண்டும். அதே சமயம், மனம் தேறினால் எச்பிஏ1சி தானாக இறங்கிவிடும் என்றும் எண்ண வேண்டாம். அதற்கான கவனிப்பு தனியே தொடர வேண்டும். மருந்தோடு, எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்ப்படுத்தும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் நன்கு பலன் தருகிறது.

மறுமொழி 2:
மருந்துக் கடையில் பணிபுரிபவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஃப்ளூவாக்செட்டின் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது. இன்சுலின் போடுபவருக்குத் தாழ்சர்க்கரை வரலாம், மாத்திரையை நிறுத்தும்போது அளவு ஏறவும் கூடும். ஆகவே தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் அடிக்கடி சோதித்து, இன்சுலின் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு ஆகியவற்றை மாத்திரையின் பக்கவிளைவு என்று விட்டுவிடாமல் உடனே சர்க்கரையைப் பாருங்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தேறிய பிறகும் வழக்கமாக 6 மாதங்களாவது தொடரச் சொல்வார்கள்.

மறுமொழி 3:
மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். மெட்ஃபார்மினை நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் சோர்வையும் மந்தத்தையும் தரும். தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்பதுபோல் ஏதும் பேசுகிறாரா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் இன்சுலினை அவரிடம் விடாமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேட்டவர்:
நன்றி. கேட்டேன்; அப்படியெல்லாம் இல்லை என்றார். மாத்திரையை இன்று தொடங்கிவிட்டோம். நோட்டைப் பற்றி நான் வாய் திறக்கும் முன்பே, "எண்ணைப் பார்த்தால் எல்லோரும் திட்டுவீர்களே" என்றார். மாலையில் நானே சோதித்தேன், 236. அதை அப்படியே எழுதச் சொன்னேன், எழுதினார்.