மூன்றாவது வேட்பாளருக்கு வாக்களிப்பது குறித்து ஆலோசனை தேவை

மலேசியாவின் பினாங்கு, செபராங் பிறையில் வசிக்கிறேன். 2022 நவம்பர் 19 பொதுத் தேர்தலிலும், 2023 ஆகஸ்டு 12 மாநிலத் தேர்தலிலும், மோசமான ஒருவர் வந்துவிடக் கூடாதே என்று மனதுக்குப் பிடிக்காதவருக்கே வாக்களித்தேன். இனி முடியாது.

எங்கள் அடுக்குமாடியில் மின்தூக்கி பழுதாகி, மூட்டுவலியோடு அம்மா ஏழு மாடி ஏறினார். இரண்டு பெரிய கூட்டணிகளின் சேவை மையங்களிலும் மனு கொடுத்தேன். பிரசாரக் கூட்டங்களில் எழுந்து கேட்டேன். தேர்தல் அறிக்கைகளை வரிவரியாகப் படித்தேன். பயனில்லை. வந்து நின்றவர் ஒரு சிறிய கட்சிக்காரர் மட்டுமே; அடுத்த முறை அவர் போட்டியிடலாம் என்கிறார்கள்.

நம் நாட்டில் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றாலும் வெற்றிதான். பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் அவருடைய வைப்புத்தொகையும் போய்விடும். “ஓட்டைப் பிரித்து, வரக் கூடாதவனை வரவைக்காதே” என்கிறார் அப்பா. அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. வாக்குச்சீட்டைச் செல்லாததாக்க எனக்கு மனமில்லை.

மும்முனைப் போட்டியில் என் வாக்கு முடிவைப் புரட்டிவிடுமா என்பதை, தொகுதியின் பழைய முடிவுகளை வைத்து எப்படிக் கணிப்பது?