மெட்ராஸா, பாம்பேயா: ‘தண்டவாளம் 🚂’ குடும்பக் குழு

சனி, காலை 9:04

கார்த்தி: [படம்] [படம்] [படம்]
இங்க இங்கிலாந்துல, லீட்ஸ் சந்தையில ஒரு ஷூ டப்பா நிறைய ரயில் போட்டோ கிடைச்சுது. போஸ்ட்கார்டு சைஸ் பிரிண்ட் நிறைய, கொஞ்சம் கண்ணாடி நெகட்டிவ், ஒரு டின்ல ஸ்லைடு. மாமா, முதல் மூணைப் பாருங்க.

செல்வி அக்கா: டேய், போட்டோவா அனுப்பாதே. வாட்ஸ்அப் நசுக்கிடும், நம்பர் பிளேட்டெல்லாம் கரைஞ்சு போயிடும். கிளிப் சின்னத்தைத் தொட்டு டாக்குமென்ட்டா அனுப்பு. பின்பக்கமும் வேணும்.

கார்த்தி: [டாக்குமென்ட்: 001 முன்] [டாக்குமென்ட்: 001 பின்]
[டாக்குமென்ட்: 002 முன்] [டாக்குமென்ட்: 002 பின்]
[டாக்குமென்ட்: 003 முன்]

பாலு சித்தப்பா: [படம்]
001ஐ ஒரு ஏஐ ஆப்ல போட்டேன். கலரும் வந்துருச்சு, நம்பரும் பளிச்சுனு 45576. பெட்டியெல்லாம் நீலம். எப்படி 👌

சேகர் மாமா: பாலு, அந்த 6ஐ நம்பாதே. ஒரிஜினல்ல கடைசி எண் இருக்கிற இடம் வெறும் வெள்ளைத் திட்டு, நீராவி மறைச்சிருக்கு. தெரியாத இடத்துல ஆப் தனக்குத் தோணினதை வரைஞ்சு வச்சிருக்கு.

பாலு சித்தப்பா: ஆப்ல போட்டா எனக்கே ஆப்பு 😂 அப்ப எந்த இன்ஜின் அண்ணே?

சேகர் மாமா: ஜுபிலி கிளாஸ். எல்.எம்.எஸ். (லண்டன், மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ்) ரயில் கம்பெனிக்காக இன்ஜினியர் ஸ்டேனியர் வடிவமைச்சது. சக்கர வரிசை 4-6-0, மூணு சிலிண்டர், 1934லிருந்து 36 வரைக்கும் 191 இன்ஜின் கட்டினாங்க. பேர் வச்சது சாம்ராஜ்யத்து நாடு, மாகாணம், சமஸ்தானம், அப்புறம் கடற்படைத் தளபதிகள், போர்க்கப்பல்கள். 45574 இந்தியா, 45575 மெட்ராஸ், 45576 பாம்பே, 45577 பெங்கால். 4557 வரைக்கும் படத்துல தெளிவா இருக்கு. அதனால பேர்ப் பலகையைப் பார்த்தாத்தான் முடிவாகும்.

சேகர் மாமா: சக்கர மூடிக்கு மேல வளைஞ்ச பலகை இருக்கே, அதுல கடைசி எழுத்தை மட்டும் பெரிசாக்கு. பாம்பேன்னா ஒய்-ல முடியணும். பெங்கால்னா எல்.

கார்த்தி: [படம்]
எஸ் மாமா! வளைவு ரெண்டும் தெரியுது.

சேகர் மாமா: அப்ப மெட்ராஸ்தான். பழைய எல்.எம்.எஸ். நம்பர்ல 5557 முதல் 5606 வரைக்கும் கிளாஸ்கோவுல நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் கம்பெனி கட்டினது. மைசூர், திருவிதாங்கூர், சிலோன் எல்லாம் அந்த ஐம்பதுக்குள்ளதான் வரும். கோலாப்பூர், 45593, இன்னும் பத்திரமா இருக்கு. 1967ல லீட்ஸ் ஹோல்பெக் ஷெட்லிருந்துதான் அதை விலக்கினாங்க, உன் ஊரு.

நிலா: தாத்தா, எந்த வருஷம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பின்னாடி வருஷம் எழுதலையே.

சேகர் மாமா: முதல்ல நம்பர். 1948 ஜனவரி 1ல பிரிட்டன்ல நாலு பெரிய ரயில் கம்பெனியும் தேசியமயம் ஆகி பிரிட்டிஷ் ரயில்வேஸ் (பி.ஆர்.) ஆச்சு. எல்.எம்.எஸ். நம்பரோட 40000 கூட்டினாங்க, எல்.என்.இ.ஆருக்கு (லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன்) 60000, சதர்னுக்கு 30000. கிரேட் வெஸ்டர்ன் மட்டும் தப்பிச்சுது, ஏன்னா அவங்க நம்பர் கேப் (டிரைவர் நிக்கிற கூண்டு) பக்கவாட்டுல வார்ப்புப் பலகையா இருந்துச்சு, எல்லாத்தையும் கழட்டி மாத்துறது செலவுன்னு விட்டுட்டாங்க. ஐந்து இலக்கம் 45 தொடக்கம்னா 48க்குப் பின்னாடி. ஆனா ஒரே ராத்திரியில எல்லா இன்ஜினும் மாறலை, ஷெட்டுக்கோ ஒர்க்ஷாப்புக்கோ வரும்போது ஒவ்வொண்ணா. அதனால 4 இலக்கம் இருந்தா 48க்கு முன்னாடின்னு அடிச்சுச் சொல்லாதே.

சேகர் மாமா: அடுத்தது டெண்டர் பக்கம், அதாவது இன்ஜினுக்குப் பின்னாடி நிலக்கரியும் தண்ணியும் சுமக்கிற வண்டி. 48ல ‘பிரிட்டிஷ் ரயில்வேஸ்’னு முழுசா எழுதினாங்க. 49லிருந்து சக்கரத்து மேல நிக்கிற சிங்கம். 56லிருந்து கிரீடத்துல எழும்பி கையில சக்கரம் பிடிச்ச சிங்கம். 001ல முதல் சிங்கம்.

கார்த்தி: ரெண்டாவது சிங்கத்துல வலது பக்கம் பார்க்கிறது தப்புன்னு எங்கேயோ பார்த்தேனே?

சேகர் மாமா: ஆமா. ஆரம்பத்துல ரெண்டு பக்கமும் சிங்கம் முன்னால பார்க்கணும்னு வலப்பக்க டெண்டர்ல திருப்பி ஒட்டிட்டாங்க. மரபுச் சின்னத்துக்கு அது ஆகாது, இடது பக்கம்தான் பார்க்கணும்னு பிறகு மாத்தினாங்க. வலப்பக்கம் பார்க்கிற சிங்கம் படத்துல கிடைச்சா அது 56க்குப் பின்னாடிதான், சந்தேகமே இல்லை.

செல்வி அக்கா: பெட்டியையும் பாருங்க மாமா. ஜன்னல் வரிசை வெளிர், மேலயும் கீழயும் அடர்த்தி. ரெண்டு நிறம்.

சேகர் மாமா: அது கிரிம்சன்-கிரீம், 49ல வந்தது, 56லிருந்து மெரூன் ஆக ஆரம்பிச்சுது. பாலுவோட ஆப் அதையெல்லாம் நீலம்னு அடிச்சிருக்கு, பார்த்தியா! முதல் பெட்டிக் கதவுல 3ன்னு வேற போட்டிருக்கு. 1956 ஜூன் 3ல மூணாம் வகுப்புக்கு ரெண்டாம் வகுப்புன்னு பேர் மாத்திட்டாங்க. பழைய 3 சில கதவுல கொஞ்ச நாள் தங்கியிருக்கலாம். ஆனா சிங்கம், நிறம், 3 மூணும் ஒரே திசையைக் காட்டுது. 1949-56னு எழுது. விளக்கு ரெண்டு பஃபருக்கு மேலயும் ஒவ்வொண்ணு, அதனால எக்ஸ்பிரஸ். ஸ்மோக்பாக்ஸ் (இன்ஜினோட முன்பக்கப் புகை அறை) கதவோட கீழ்ப்பக்கம் சின்ன முட்டை வடிவப் பலகை இருக்கும், அதுதான் ஷெட் கோடு, எந்த ஷெட் இன்ஜின்னு சொல்லும். நீராவி அதையும் மறைச்சுடுச்சு. அது மட்டும் தெரிஞ்சிருந்தா இன்னும் நெருக்கலாம்: ஹோல்பெக்குக்கே 57 வரைக்கும் 20ஏ, அப்புறம் 55ஏ.

பாலு சித்தப்பா: இன்ஜினுக்குப் பச்சை அடிச்சது சரிதானே அண்ணே? அதையாவது சொல்லுங்க 🙏

சேகர் மாமா: சரிதான். ஆனா அந்த ஆப்புக்கு எல்லா இன்ஜினும் பச்சைதான். எல்.எம்.எஸ். காலத்து சிவப்பு ஜுபிலியைக் குடுத்தாலும் பச்சையே அடிக்கும்.

காலை 10:20

கார்த்தி: 002 பின்பக்கம் பென்சில்ல ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன், 1935’னு இருக்கு. நம்பர் 4472. இதுல தகராறு இல்லையே?

சேகர் மாமா: இதுலதான் தகராறே. ஸ்மோக்பாக்ஸ் பக்கவாட்டுல, புகைபோக்கிக்குப் பின்னாடி, செவ்வகமா ஒரு மூடி புடைச்சிருக்கு. தெரியுதா?

கார்த்தி: சின்னப் பெட்டி மாதிரி ஒண்ணு. ஆமா.

சேகர் மாமா: அது சூப்பர்ஹீட்டர் (நீராவியை இன்னும் சூடாக்குற குழாய் அமைப்பு) தலைப்பகுதியோட மூடி. ஏ1, ஏ3ன்னு ரெண்டு கிளாஸ்ல ஏ3 பாய்லர்ல மட்டும்தான் உண்டு. இந்த இன்ஜின் 1923ல டான்காஸ்டர்ல ஏ1ஆப் பிறந்தது, ஏ3 ஆனது 1947 ஜனவரியில. 35ல இந்த மூடி இருக்க வழியே இல்லை.

நிலா: அப்ப 1947க்கு அப்புறம்!

சேகர் மாமா: இரு, இன்னும் முடியலை. 46ல எல்.என்.இ.ஆர். எல்லா இன்ஜினுக்கும் நம்பர் மாத்திச்சு. இதுக்கு முதல்ல 502, அதே வருஷம் 103. 48 கடைசியில 60103. 47ல மூடி வந்தபோது 4472ங்கிற நம்பரே அதுல இல்லை. மூடியும் 4472ம் சேர்ந்து எப்ப வரும்?

கார்த்தி: 1963. ஆலன் பெக்லர் வாங்கினப்ப.

சேகர் மாமா: அதேதான். 63 ஜனவரியில பி.ஆர். விலக்கினப்போ அதுக்கு இரட்டைப் புகைபோக்கி, 61 டிசம்பர்ல மாட்டின ஜெர்மன் மாடல் புகைத் தடுப்புத் தகடு ரெண்டு. பெக்லர் அதையெல்லாம் எடுத்துட்டு ஒற்றைப் புகைபோக்கி, ஆப்பிள் பச்சை, 4472னு பழைய வேஷம் போட்டார். அந்த வேஷத்தைப் பார்த்துத்தான் யாரோ 35ன்னு எழுதிட்டாங்க. ஓடுறது ஒரே டெண்டரோட, பின்னாடி பி.ஆர். கட்டின மார்க் 1 பெட்டி. ரெண்டாவது டெண்டர் 66ல சேர்ந்துச்சு. 1963-66னு போடு, பக்கத்துல கேள்விக்குறி போட்டுக்கோ.

செல்வி அக்கா: ஆனா பென்சில் எழுத்தை அழிச்சுடாதே தம்பி. தப்பா இருந்தாலும் அது படத்தோட சேர்ந்தது. நம்ம முடிவைத் தனியா எழுது. பிரிண்ட் பின்னாடி எழுதியே ஆகணும்னா 2பி பென்சில், ஓரத்துல, கெட்டியான தளத்துல வச்சு, அழுத்தாம. பால்பாயின்ட் கூடவே கூடாது, முன்பக்கம் தடம் விழும்.

பாலு சித்தப்பா: 003 ஏதோ கோயில் கோபுரவாசல் மாதிரி இருக்கு?

சேகர் மாமா: யூஸ்டன் வளைவு. 1837ல ஹார்ட்விக் கட்டினது, 61-62ல இடிச்சுத் தள்ளிட்டாங்க. வளைவு முழுசா நிக்குதுன்னா அதுக்கு முன்னாடி. டாக்ஸி மாடலை வச்சு இன்னும் குறுக்கலாம், அது எனக்குப் பிடிபடாது.

மதியம் 12:41

கார்த்தி: [படம்]
கண்ணாடி நெகட்டிவ். ஜன்னல்ல பிடிச்சு போன்ல எடுத்துத் திருப்பிப் போட்டேன். மிட்லண்ட் கம்பெனி இன்ஜின். ஆனா அவங்க இன்ஜின் சிவப்பு இல்லையா? இது கன்னங்கரேல்னு இருக்கே.

செல்வி அக்கா: அந்தக் காலத்துப் பிளேட்டுக்கு சிவப்பு தெரியாது. ஆர்த்தோகுரோமாட்டிக்னா நீலமும் பச்சையும்தான் பிடிக்கும், சிவப்பு கருப்பா விழும். நீலம் அதிகமாப் பிடிக்கும், அதனாலதான் வானம் வெள்ளையா வெந்து போயிருக்கு. பிளேட்டோட கருமையை வச்சு பெயின்ட் நிறம் சொல்ல முடியாது. நீல இன்ஜின் வெளிறி இருக்கும், சிவப்பு கருத்திருக்கும்.

சேகர் மாமா: கம்பெனி அதிகாரப்பூர்வப் படம்னா இன்னொரு கூத்து. புது இன்ஜினுக்குப் போட்டோவுக்குன்னே மங்கல் சாம்பல் பூசுவாங்க, ரிவெட்டெல்லாம் தெளிவா விழும். எடுத்த பிறகு அசல் பெயின்ட். சாம்பல் இன்ஜினைப் பார்த்து அதுதான் கம்பெனி நிறம்னு நினைக்கக் கூடாது.

செல்வி அக்கா: கார்த்தி, பிளேட்டை ஜன்னல்ல பிடிக்காதே, விழுந்தா போச்சு. நைட்ரைல் கையுறை போட்டு ஓரத்தை மட்டும் தொடு. பஞ்சுக் கையுறை கண்ணாடியில வழுக்கும். தண்ணி, ஸ்பிரிட் எதுவும் வேண்டாம், எமல்ஷன் (படம் பதிஞ்ச பூச்சு) ஓரத்துல உரிஞ்சிருந்தா மொத்தமா வந்துடும். கண்ணாடிப் பக்கத்துக்கு மட்டும் ஊதுபந்து, மெல்லிய தூரிகை. மங்கலா இருக்கிற பக்கம்தான் எமல்ஷன். அடுக்கி வைக்காதே, நீள ஓரத்துல நிமிர்த்தி வை. ஒவ்வொண்ணுக்கும் அமிலமில்லாத காகித உறை.

கார்த்தி: ஸ்கேன் எத்தனை டிபிஐ அக்கா?

செல்வி அக்கா: போஸ்ட்கார்டு பிரிண்ட்டுக்கு 600 போதும், ஐந்தரைக்கு மூணரை அங்குலம்னா 3300க்கு 2100 பிக்சல். அதுக்கு மேல போனா காகித நார்தான் தெரியும். உன் பிளேட் குவார்ட்டர் பிளேட், நாலேகாலுக்கு மூணேகால் அங்குலம். 2400ல, 16 பிட் கிரேஸ்கேல். ஒரு ஃபைல் 160 எம்.பி. கிட்ட வரும், டிஃப் (TIFF) ஃபைலா வை. எமல்ஷன் பக்கம் கீழ இருக்கட்டும், ஆனா ஸ்கேனர் கண்ணாடியில படக்கூடாது. ரெண்டு ஓரத்துக்கும் மெல்லிய அட்டைத் துண்டு குடுத்துத் தூக்கி வை, கீறலும் விழாது, வானவில் வளையமும் வராது. இப்படி வச்சா படம் இடவலம் மாறி வரும், மென்பொருள்ல திருப்பிடு. 35 மி.மீ. ஸ்லைடுக்கு 4000. உன் ஸ்கேனர் டப்பாவுல 6400னு போட்டிருக்கும், லென்ஸுக்கு அந்தத் திறமை இருக்காது, வெறும் ஃபைல் கனம்.

கார்த்தி: தூசி நீக்குற இன்ஃப்ராரெட் வசதி இருக்கே, அதைப் போடலாமா?

செல்வி அக்கா: கருப்பு வெள்ளை ஃபிலிமுக்கு வேண்டவே வேண்டாம். வெள்ளித் துகள் இன்ஃப்ராரெட்டை மறிக்கும், ஸ்கேனர் அதைத் தூசின்னு நினைச்சு அழிச்சுடும். புகையும் கம்பியும்தான் முதல்ல போகும். கோடாகுரோம் கலர் ஸ்லைடுலயும் தகராறு பண்ணும். அது நீலம் பாய்ஞ்ச மாதிரி வேற வரும், ஸ்கேனர்ல கோடாகுரோம் ப்ரொஃபைல் இருந்தா அதைத் தேர்ந்தெடு.

கார்த்தி: [படம்]
ஸ்லைடு ஒண்ணு. நீல டீசல், மூக்கு முழுக்க மஞ்சள். நம்பர் படிக்க வரலை, வேகத்துல கலங்கியிருக்கு.

சேகர் மாமா: முதல்ல இது திரும்பியிருக்கு. இரட்டை அம்புக்குறியைப் பாரு, மேல இருக்கிற அம்பு வலப்பக்கம் போகணும், உன் படத்துல இடப்பக்கம் போகுது. அங்க ரயில் இடது தண்டவாளத்துல ஓடும், எதிர்ல வர்ற ரயில் நம்ம பார்வைக்கு வலது பக்கமா வரணும். இதுல இடது பக்கமா வருது. ரெண்டும் ஒத்துப் போகுது. ஸ்லைடை மவுண்ட்ல மாத்திப் போட்டுட்டாங்க.

கார்த்தி: [படம்]
திருப்பினா முகப்புல 1எஸ்னு ஆரம்பிக்குது!

சேகர் மாமா: 1னா எக்ஸ்பிரஸ், எஸ்னா ஸ்காட்லாந்து. முகப்புல அந்த நாலு எழுத்து ரயில் கோடு காட்டுறதை 76 ஜனவரியில நிறுத்தி நாலு சைபர் போட்டுட்டாங்க. நீலமும் அம்பும் 65ல வந்தது, முழு மஞ்சள் மூக்கு அதுக்கு ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு. 1967-75. பக்கவாட்டு நம்பர் இன்னொரு ஸ்லைடுல கிடைச்சா சுருக்கலாம். நம்பருக்கு முன்னால இருந்த டி எழுத்து போனது 68ல நீராவி முடிஞ்ச பிறகு, 47 மாதிரி இன்ஜின் வகை எண்ல தொடங்குற புது நம்பர் 73-74 வாக்குல.

செல்வி அக்கா: ஸ்லைடு டின் திறந்தப்ப புளிச்ச காடி வாசம் வந்துச்சா?

கார்த்தி: லேசா வந்துச்சு. அது டின்னோட வாசம் இல்லையா?

செல்வி அக்கா: ஃபிலிமோட வாசம். அசிட்டேட் சிதையுது, அதிலிருந்து வர்ற அமிலம் மூடின டின்ல பக்கத்து ஃபிலிமையும் தூண்டிவிடும். டின்னை விட்டுடு. வாசம் வர்றதைத் தனியா பிரிச்சு, காற்றுப் போற காகிதப் பெட்டியில, குளிர்ச்சியான காஞ்ச இடத்துல வை. அதுகளை முதல்ல ஸ்கேன் பண்ணு, சுருங்க ஆரம்பிச்சா தட்டையா உட்காராது. பி.வி.சி. உறை வேண்டாம், பாலியெஸ்டர்.

பாலு சித்தப்பா: முடிச்சதும் நம்ம ஃபேஸ்புக் பக்கத்துல போட்டுடலாமா? காசு குடுத்து வாங்கின படம்தானே.

செல்வி அக்கா: வாங்கினது காகிதம் சித்தப்பா, உரிமை இல்லை. பிரிட்டன்ல எடுத்தவர் இறந்து 70 வருஷம் வரைக்கும் அவர் வாரிசுக்கு. கார்த்தி, 001 பின்னாடி ரப்பர் ஸ்டாம்ப் இருக்கு பார், பேரும் நெகட்டிவ் நம்பரும். அதை வச்சுத் தேடிட்டு அப்புறம் போடு.

கார்த்தி: சரி அக்கா. இடம் தெரியாததுக்கு?

சேகர் மாமா: சிக்னல் கை எப்படின்னு பாரு. மேல தூக்கினா பெரும்பாலும் மத்த கம்பெனி, கீழ இறங்கினா கிரேட் வெஸ்டர்ன் பக்கமா இருக்கும். சர்ச் கோபுரமோ ஆலைச் சிம்னியோ தெரிஞ்சா ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்துல பழைய ஆர்டனன்ஸ் சர்வே வரைபடம் இருக்கு, இன்றைய வரைபடத்து மேல வச்சு ஒப்பிடலாம். 25 அங்குல (ஒரு மைலுக்கு 25 அங்குலம்) வரைபடத்துல பாயின்ட் (தண்டவாளம் பிரியிற இடம்), சைடிங் (ஒதுக்குத் தண்டவாளம்) எல்லாம் கோடு கோடா இருக்கும்.

கார்த்தி: ஃபைல் பேர் இப்படி வச்சிருக்கேன், சரியா பாருங்க:
001, 45575 மெட்ராஸ், எக்ஸ்பிரஸ், இடம் தெரியலை, 1949-56
002, 4472 ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன், 1963-66?, பின்பக்கக் குறிப்பு ‘1935’

செல்வி அக்கா: வருஷத்தை முன்னால கொண்டு வா, வரிசையா அடுக்கும். 1949-56, 001, 45575.

சேகர் மாமா: டப்பாவுல அடுத்தது என்ன? கிரேட் வெஸ்டர்ன் இன்ஜின் இருந்தா முதல்ல கேப் பலகையை எடுத்து அனுப்பு.