இபிஎஸ் படம் சேர்த்தால் 'முழு வரியை வாசிக்க முடியவில்லை' என்று ஸீலேடெக் நிற்கிறது

வெள்ளவத்தை_கணிதம்:
வணக்கம். உயர்தர இணைந்த கணிதத்துக்குத் தமிழில் ஒரு வினாத்தொகுப்பு செய்கிறேன். உபுண்டு கணினி, டெக் லைவ் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் தொகுப்பு, அதிலுள்ள ஸீலேடெக். எழுத்து, சமன்பாடு எல்லாம் ஒழுங்காக வருகிறது, படங்களில்தான் சிக்கல். நிலையியல் பகுதிக்கான பழைய கைப்படங்களை ஒரு தம்பி ஸ்கேன் பண்ணி இபிஎஸ் படக்கோப்பு ஆக்கித் தந்தார். கப்பிப் படம் வரும் இடத்தில், முழு வரியை வாசிக்க முடியவில்லை, பஃப்சைஸ் (ஒரு வரியை வாசித்து வைக்கும் இடத்தின் அளவு) 200000, அதைக் கூட்டுங்கள் என்று சொல்லி நின்றுவிடுகிறது. என் கோப்பில் அவ்வளவு நீளமான வரி எங்கேயும் இல்லை. அதே படம் தனியாக அழகாகத் திறக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் பிடிஎஃப் கொடுக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை_அச்சு:
சேர், அந்தத் தம்பி மெக் கணினியில் செய்திருப்பார். வரிமுடிவுக் குறி மாறி, கோப்பு முழுக்க ஒரே வரியாகியிருக்கும். பஃப்சைஸைக் கூட்டிவிடுங்கள், வேலை முடிந்தது.

தெஹிவளை_டெக்:
மெக் வரிமுடிவாக இருக்காது. டெக் லைவ் அதையும் வரிமுடிவாகவே எடுக்கும்.

நீளமான வரி உங்கள் கோப்பில் இல்லை சேர், படத்துக்குள் இருக்கிறது. இபிஎஸ் என்பது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்கம் வரையும் மொழியில் எழுதிய நிரல். படத்துக்கு எவ்வளவு இடம் விடுவது என்று அறிய, லேடெக் அந்தக் கோப்பைத் திறந்து படத்தின் எல்லையை நான்கு எண்களில் சொல்லும் பவுண்டிங்பொக்ஸ் வரி கிடைக்கும்வரை வரி வரியாக வாசிக்கும். வழக்கமாக அது மேலேயே இருக்கும், உடனே வாசிப்பு நின்றுவிடும். ஆனால் சில மாற்றிகள் மேலே 'அட்எண்ட்' (முடிவில் இருக்கிறது) என்று மட்டும் போட்டு, எண்களைக் கோப்பின் கடைசியில் எழுதும். விதிப்படி அது பிழையில்லை. ஆனால் நடுவிலுள்ள படத்தரவு முழுவதையும் லேடெக் கடந்து போக வேண்டும்.

ஸ்கேன் படத்தில் சாம்பல் நிறப் புள்ளி ஒன்றுக்கு 2 பதினறும எழுத்து (0 முதல் 9, A முதல் F). 400க்கு 250 புள்ளிப் படமே 200000 எழுத்து வரும். அதை உடைக்காமல் ஒரே வரியில் எழுதினால் வாசிப்பு நிற்கத்தான் செய்யும். இபிஎஸ் வரி 255 எழுத்தைத் தாண்டக்கூடாது என்பது அடோபியின் விதி, இந்த மாற்றிகள் அதைக் கண்டுகொள்வதில்லை. எழுத்து, வரிகளை எண்ணும் டபிள்யூசி கட்டளையைப் படக்கோப்பின் மேல் பெரிய 'எல்' தெரிவுடன் ஓடவிட்டுப் பாருங்கோ, மிக நீளமான வரியின் நீளம் தெரியும்.

பஃப்சைஸைக் கூட்டலாம்தான், ஆனால் எனக்கு அது பிடிக்காது. புத்தகத்தை இன்னொருவர் கணினியில் ஓட்டினால் அதே பிழை திரும்ப வரும். வரி இன்னும் நீளமென்றால் அடுத்ததாக 5000000 என்ற மெமரி எல்லையில் முட்டும்.

வெள்ளவத்தை_கணிதம்:
நன்றி அக்கா. கப்பிப் படத்தில் மிக நீளமான வரி 2800000 எழுத்து! மேலே அட்எண்ட், கடைசியில் 0 0 842 595. சரியாக ஏறும் படங்களில் எண்கள் மேலேயே இருக்கின்றன. இனி என்ன செய்வது?

தெஹிவளை_டெக்:
அவசரத்துக்கு, கடைசியிலுள்ள நான்கு எண்களையும் மேலே அட்எண்ட் இருக்கும் இடத்தில் போடுங்கள். உள்ளே பதினறும எழுத்து மட்டும் என்றால் சாதாரண எடிட்டரே போதும். பைனரித் தரவு இருந்தால் கை வைக்க வேண்டாம், கோப்பு கெட்டுவிடும். அப்போது படம் சேர்க்கும் கட்டளையில் 'பிபி' (பவுண்டிங்பொக்ஸ்) தெரிவாக அந்த எண்களைக் கொடுத்தால் லேடெக் கோப்பைத் தேடியே போகாது.

நிறையப் படம் என்றால் எல்லாவற்றையும் இபிஎஸ்டுபிடிஎஃப் என்ற மாற்றிக் கருவி மூலம் மாற்றிவிடுங்கள். பிடிஎஃப் படத்தின் அளவை அறிய, ஸீலேடெக்கை இயக்கும் ஸீடெக்கில் தனி வசதி உண்டு, இந்த வரி எல்லை அங்கே குறுக்கே வராது.

வெள்ளவத்தை_கணிதம்:
கப்பிப் படத்துக்கு எண்களை மேலே போட்டேன், ஏறிவிட்டது. மற்றவற்றைப் பிடிஎஃப் ஆக்குகிறேன்.

கொட்டாஞ்சேனை_அச்சு:
அட்எண்ட் விஷயம் எனக்குப் புதிது. பிடிஎஃப் ஆக்கும்போது படத்தை ஜேபெக் போல் சுருக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் சேர், மெல்லிய பென்சில் கோடு அச்சில் கலங்கும்.

தெஹிவளை_டெக்:
அது உண்மை. அடுத்த முறை அந்தத் தம்பியிடம் பிஎன்ஜி ஆகவே கேளுங்கள். ஸ்கேன் படத்தை இபிஎஸ்ஸுக்குள் போடுவதால் ஒரு பிரயோசனமும் இல்லை, ஸீலேடெக் பிஎன்ஜியை நேராகவே எடுத்துக்கொள்ளும்.