புதுப்பிப்பு: படிப்பை விட்டுவிட்டு வேலரண்ட் ஆடலாமா என்று கேட்டிருந்தேனே, அது

கல்லூரியை நிறுத்திவிட்டு, ஐவர் அணிகளாக மோதும் வேலரண்ட் என்ற கணினித் துப்பாக்கி விளையாட்டில் முழுநேர ஆட்டக்காரராகலாமா என்று போன முறை கேட்டிருந்தேன். என்ன ஆனது என்று பலர் விசாரித்ததால் இது.

சரி, படிப்பை விடவில்லை. ஆனால் ஒரு சின்ன அணியின் தேர்வுக்குப் போனேன். வேலரண்டின் உச்ச நிலையான ரேடியன்ட் ரேங்க் வந்தாலே போதும் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்: உள்ளே நுழைய ரேங்க் உதவியது, அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை. எதிரி எங்கே இருக்கிறான் என்பதை நாலு வார்த்தையில் சொல்கிறோமா, தோற்ற சுற்றின் பதிவைப் போட்டுக் காட்டிப் பயிற்சியாளர் கிழிக்கும்போது முறைக்காமல் கேட்கிறோமா, இதைத்தான் பார்த்தார்கள். மாற்று ஆட்டக்காரராக எடுத்திருக்கிறார்கள். சம்பளம் கிடையாது, பரிசு வந்தால் பங்கு.

பரிசு என்றதும் போன முறை உங்களில் சிலர் டோட்டா 2 என்ற இன்னொரு கணினி விளையாட்டின் பெரிய போட்டியான இன்டர்நேஷனலின் 4 கோடி டாலர் மொத்தப் பரிசைக் காட்டினீர்கள். 2021-இல் அது உண்மைதான், ஆனால் அந்த மேடைக்கு வந்ததே 18 அணிகள், அதில் கிட்டத்தட்ட 1.8 கோடி ஜெயித்த டீம் ஸ்பிரிட்டுக்கே போய்விட்டது. மிச்சப் பேர் பிழைப்பது அணிச் சம்பளத்திலும் விளம்பரதாரர்களாலும், ஆடுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டும் ஸ்ட்ரீமிங்கிலும்தான் (எனக்கு கேமரா முன்னால் பேசவே வராது, அது வேறு கதை).

அப்புறம் உடம்பு. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கணினி விளையாட்டின் பிரபல சீன ஆட்டக்காரர் உஸி (Uzi) 2020-இல் 23 வயதிலேயே ஓய்வு அறிவித்தார், நீரிழிவும் கைக்காயமும் காரணம். அதனால் பயிற்சிக்கு நடுவே மணிக்கட்டு ஓய்வைக் கட்டாயமாக்கிவிட்டேன். பட்டம் வாங்கும்வரை இப்படியே ஓடட்டும், அதற்குள் முதல் ஐவரில் இடம் கிடைத்தால் மறுபடி எழுதுகிறேன்.